இடுப்புக்குத் தெரியும்

நெல்டா: “கக்கூஸ் போறப்ப இதை எங்க வைப்பே?” வயசுப் பொண்ணு ஒருத்திகிட்ட கேக்கற கேள்வியா அது?

டெல்மர்: எல்லார்கிட்டயும்தான் கேட்டேன். பாதிரியார்கிட்டகூட கேட்டேன்.

நெல்டா: பாதிரியார் ஓடிப் போகல. நான் ஓடிட்டேன். சட்டை ஃபேக்டரியில ராத்திரி ஷிப்ட், முடிஞ்சு கார் வரைக்கும் இருட்டுல நடக்கணும், கைப்பையில அடங்கற மாதிரி சின்னதா ஒரு துப்பாக்கி குடுங்கன்னு கேட்டு வந்தேன். நீங்க சிரிப்பே இல்லாம கக்கூஸைப் பத்திக் கேட்டீங்க.

டெல்மர்: தக்காளியாட்டம் செவந்து போன. நீ ஓடின ஓட்டத்துல கதவு மணி அறுந்து விழுந்துச்சு.

நெல்டா: ஒரு வாரம் யோசிச்சேன். காலர் தெச்சுக்கிட்டே யோசிச்சேன். பக்கத்து மிஷின்காரி, “யாருடி அந்தப் பையன்?”னு கேட்டா.

டெல்மர்: திரும்பி வந்து பதில் சொன்னியே, அதான் பெரிசு. பாதிப் பேரு திரும்பியே வரமாட்டாங்க.

நெல்டா: தப்பான பதில். கதவு ஆணியில பையை மாட்டுவேன்னேன்.

டெல்மர்: அதுக்கு நான்...

நெல்டா: “அப்ப வழியில போற யாருக்கோ ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுக்கறே. நல்ல மனசு”ன்னீங்க.

டெல்மர்: ஹ... சரி, பழசு போதும். அந்தத் தட்டையானதைக் காட்டு. ரெண்டாவது வரிசை, கறுப்பு.

நெல்டா: இருங்க, திறந்துதானே தரணும். நானும் பாத்துட்டேன், காலி. நீங்களும் பாருங்க.

டெல்மர்: காலி. ம்ம்... பொம்மையாட்டம் இருக்கு.

நெல்டா: இப்ப எல்லாமே பிளாஸ்டிக்தான். இளவட்டம் இதைத்தான் கேக்குது. வயித்துக்கு முன்னால சொருகிக்கறாங்க. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டச் சொன்னா கண்ணு பிதுங்குது.

டெல்மர்: மேல் பாகத்தைப் பின்னால இழுத்தாத்தானே திறக்கும் இது... ம்ம். கெட்டி. வேணாம்.

நெல்டா: கெட்டியா? வெண்ணெயாட்டம் இழுத்தீங்களே இப்ப.

டெல்மர்: இன்னிக்கு இழுத்தேன். பனி விழற காலையில விரல் மரத்துப் போகும்ல. வேற எடு.

நெல்டா: நாப்பது வருஷம் இந்தப் பக்கம் நின்னு வித்த மனுஷன் அந்தப் பக்கம் நின்னு பேரம் பேசறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு வருது.

டெல்மர்: கடையை உன்கிட்ட வித்தப்பவே தெரியும், ஒருநாள் நீ என்னை இப்படி நிக்க வெச்சு வேடிக்கை பாப்பேன்னு.

நெல்டா: அது சரி... உங்க மான்கொம்புப் பிடி என்னாச்சு? அந்த ரிவால்வர் இல்லாம உங்களை நான் பாத்ததே இல்லையே. கல்யாணப் போட்டோவுலகூட கோட்டு ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கும்னு உங்க வீட்டம்மா லோரீன் சொல்லுவாங்க.

டெல்மர்: கனம். இடுப்பு வலிக்குது. மேசை டிராயர்ல போட்டுட்டேன்.

நெல்டா: டிராயர்ல...

டெல்மர்: டிராயர்லதான். எதுக்கு அப்படிப் பாக்கறே?

நெல்டா: ஒண்ணுமில்ல. காபி ஊத்தட்டுமா?

டெல்மர்: நேரமில்ல பொண்ணே. மத்தியானம் பஸ்ஸு வருது. லோரீன் இறங்கறப்ப நான் நிக்கணும்.

நெல்டா: ஒஹாயோவுல அவங்க தங்கச்சி வீட்டுலேருந்துதானே? ஞாயித்துக்கிழமை போனாங்க, இன்னிக்கு வெள்ளி. அஞ்சு நாள் தனியா என்ன சாப்பிட்டீங்க?

டெல்மர்: பீன்ஸ். ஆறிப் போன பீன்ஸ். அப்புறம் சூடான பீன்ஸ்.

நெல்டா: ஆத்தோரக் கடைக்குப் போயிருக்கலாமே. கார்லா நல்ல சோள ரொட்டி சுடுவாளே.

டெல்மர்: ...ஒருநாள் போனேன். அந்தக் குட்டியானதைக் காட்டு. ஆமா, அதான். உள்ளங்கையில அடங்கறது.

நெல்டா: இது உதைக்கும். கோவேறு கழுதையாட்டம் உதைக்கும். ஒரு தடவை சுட்டா ரெண்டாந்தடவை சுட மனசு வராது.

டெல்மர்: நான் என்ன, தினமும் சுடவா போறேன்?

நெல்டா: “சுடப் போறதில்லன்னு வாங்கறவனுக்கு விக்காதே”ன்னு சொல்லிக் குடுத்தது யாரு?

டெல்மர்: எவனோ கிறுக்கன்.

நெல்டா: அவன் இன்னொண்ணும் வெச்சிருந்தானே. மேல் தட்டு வார்னிஷ் டப்பா.

டெல்மர்: ஹ... இன்னும் அங்கயேவா இருக்கு?

நெல்டா: விக்கவே இல்லையே அதை. உள்ள கட்டியாப் போயிருக்கும். யாரு வந்தாலும் துப்பாக்கியை உறையில போட்டு, சட்டையை இறக்கி விட்டு, “எட்டி அந்த டப்பாவை எடு”ம்பீங்க. பின்னால தையல் மிஷின்கிட்டேருந்து லோரீன் எட்டிப் பாப்பாங்க. “துப்பாக்கி தெரியுது”ம்பாங்க. அவ்வளவுதான், அந்த ஆளு வேற உறை பாக்கணும்.

டெல்மர்: அவ “தெரியல”ன்னு சொன்னாத்தான் பணம் வாங்குவேன்.

நெல்டா: எனக்கு மூணு தடவை தெரியுதுன்னாங்க. அப்புறம் என் சாம்பல் கலர் கோட்டை உருவிக்கிட்டு உள்ள போயி, உள்பக்கம் ஒரு பை தெச்சுக் குடுத்தாங்க. மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க அடுப்புல விறகு தள்ளிட்டு, எனக்கு ஒரு கோப்பைத் தண்ணிக் காபி குடுத்தீங்க.

டெல்மர்: என் காபியைத் தண்ணின்னு சொல்லாதே.

நெல்டா: கோப்பை அடி தெரிஞ்சுச்சு டெல்மர்... அந்தத் தையலைப் பாக்கணும் நீங்க. கோட்டு இத்துப் போச்சு, பை அப்படியே இருக்கு. அந்தப் பையோட எத்தனை வருஷம் அந்த இருட்டுல நடந்தேன். ஒருநாளும் வெளிய எடுக்க வேண்டி வரல.

டெல்மர்: அதுதான் நல்ல துப்பாக்கிக்கு அடையாளம்.

நெல்டா: கவுண்ட்டி முழுக்க எத்தனை பொம்பளைங்க கோட்டுல அந்தக் கைத்தையல் இருக்கோ...

டெல்மர்: இப்ப அவளால ஊசி கோக்க முடியாது. விரல் எல்லாம் வேராட்டம் மொழி கட்டிப் போச்சு. ஊறுகாய் ஜாடி மூடிகூட நான்தான் திறந்து குடுக்கறேன். கேக்கமாட்டா. மேசையில எனக்கு எதிர்ல கொண்டு வந்து வெச்சுட்டு, ஜன்னலைப் பாத்துக்கிட்டு நிப்பா.

நெல்டா: நீங்க?

டெல்மர்: நானும் ஜன்னலைப் பாத்துக்கிட்டே திறந்து வெப்பேன்.

நெல்டா: ...சரி, இதைப் பாருங்க. இதுவும் தட்டைதான், கொஞ்சம் நீளம்.

டெல்மர்: தோட்டா மேகசினைக் கழட்டினாலும் உள்ள ஒரு தோட்டா இருக்கும், இழுத்துத்தான் அதை வெளிய எடுக்கணும். அதே இழுவை. வேணாம்.

நெல்டா: நீங்க தோட்டா போடறதைப் பத்திக் கேக்கவே காணோம், எடுக்கறதைப் பத்தியே கேக்கறீங்களே.

டெல்மர்: வயசாச்சுன்னா எடுக்கறதுதான் கஷ்டம்... நீ இன்னிக்கு விக்கற மாதிரியே தெரியலையே. இதுக்கு ஒரு குத்தம், அதுக்கு ஒரு குத்தம். இப்படி வித்தா கடையை வவ்வாலுக்குத்தான் விடணும்.

நெல்டா: உங்களுக்கு அவசரம், எனக்கு இல்லையே.

டெல்மர்: அந்தக் கோடியில இருக்கே ரிவால்வர், அஞ்சு குண்டு போடறது. அதை எடு. பழசா?

நெல்டா: பழசுதான். மில்காரர் சம்சாரம் வெச்சிருந்தது. இந்தாங்க, திறந்திருக்கு.

டெல்மர்: ஆ... இது ஆளு. பாரு, கட்டைவிரல் ஒண்ணு போதும், உருளை தானா வெளிய வருது. கவுத்தா தோட்டா தானா கொட்டிடும். குலுக்கக்கூட வேணாம். சத்தமும் இல்ல.

நெல்டா: உங்க மான்கொம்பு மாதிரியே இருக்கு.

டெல்மர்: அதைவிட லேசாத் திறக்குது. இதைக் கட்டு. டப்பா வேணாம், உறை என்கிட்ட இருக்கு.

நெல்டா: வார்னிஷ் டப்பாவை எடுக்க வேணாமா?

டெல்மர்: “தெரியல”ன்னு சொல்ல அவ இங்க இல்லையே. கட்டு பொண்ணே.

நெல்டா: இன்னும் கேள்வி கேக்கலையே நான்.

டெல்மர்: எந்தக் கேள்வி?

நெல்டா: நீங்க போட்ட சட்டம்தானே. அதுக்குப் பதில் சொல்லாம இந்தக் கடையில இன்னும் ஒருத்தரும் வாங்கல. போன வாரம் ஒரு பையன் வந்தான், கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருந்தான். சிரிச்சான். சிரிச்சு முடிக்கற வரைக்கும் நின்னேன். அப்புறம் பதில் சொன்னான்.

டெல்மர்: என்கிட்ட கேப்பியா நீ?

நெல்டா: கேக்கறேன். கக்கூஸ் போறப்ப இதை எங்க வைப்பீங்க? பதில் தெரியும் உங்களுக்கு. ஊருக்கே மனப்பாடமாச் சொல்லிக் குடுத்ததுதானே.

டெல்மர்: உறையோட... பெல்ட்லயே. கால்சட்டை இறங்கினா கணுக்காலுக்கு நடுவுல, அதுக்குள்ளயே கெடக்கணும். ஆணியில மாட்டக்கூடாது. தண்ணித் தொட்டி மேல கூடாது. துடைக்கற காகித உருளைப் பெட்டி மேல...

நெல்டா: காகித உருளைப் பெட்டி மேல?

டெல்மர்: ...கூடாது.

நெல்டா: டெல்மர்.

டெல்மர்: உனக்கு எப்படித் தெரியும்?

நெல்டா: உக்காருங்க. முக்காலியை இழுத்துக்கோங்க... இந்தத் துண்டைப் பிரிக்கறேன். திட்டாதீங்க.

டெல்மர்: என் மான்கொம்பு!

நெல்டா: டிராயர்லதான் இருந்துச்சு. என் டிராயர்ல.

டெல்மர்: இடுப்பு வலிச்சுச்சு. ஒரு நிமிஷம்னு எடுத்து வெச்சேன். பக்கத்துலதானே இருக்குன்னு... கையைக் கழுவினேன், தொப்பியை மாட்டினேன், கார்லாகிட்ட சோள ரொட்டி நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாலம் தாண்டினதுக்கு அப்புறம்தான் இடுப்புல காத்தடிச்சுச்சு.

நெல்டா: திரும்பிப் போனீங்களா?

டெல்மர்: போனேன். பெட்டி மேல ஒண்ணும் இல்ல. கார்லா என்னைப் பாத்தா, நான் கார்லாவைப் பாத்தேன். கேக்க நாக்கு எழல. இன்னொரு காபி குடிச்சுட்டு வந்துட்டேன். அன்னியிலேருந்து கண்ணு மூடல நான்... நீ ஏன் சொல்லல?

நெல்டா: கூப்பிட்டுச் சொன்னா நீங்க தலை குனியணும். நீங்களா வந்தா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.

டெல்மர்: கார்லாவா எடுத்தா?

நெல்டா: ...ஆமா.

டெல்மர்: நெல்டா. நீ பொய் சொன்னா மூக்கு நுனி செவக்கும். இப்பவும் செவந்திருக்கு. யாரு எடுத்தா?

நெல்டா: பனி விழுந்து பள்ளிக்கூடம் லீவு அன்னிக்கு.

டெல்மர்: ...குட்டியா? கார்லா பொண்ணு டெஸ்ஸியா?

நெல்டா: ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு வந்தாளாம். “அம்மா, தொப்பித் தாத்தா இதை விட்டுட்டுப் போயிட்டாரு”ன்னு.

டெல்மர்: கடவுளே.

நெல்டா: கார்லா கையில எண்ணெய்ச் சட்டி. அதைக் கீழ போட்டுட்டு வாங்கியிருக்கா. ஷெரிஃப்கிட்ட போனா ஊர் பேசும்னு, ஏப்ரன்ல சுத்தி நேரா இங்க கொண்டாந்துட்டா. மான்கொம்பை யாருக்குத் தெரியாது?

டெல்மர்: விசையைத் தொட்டாளா?

நெல்டா: அது எதுக்கு இப்ப...

டெல்மர்: தொட்டாளா?

நெல்டா: ...அழுத்திப் பாத்தாளாம். “வரவே மாட்டேங்குது, ரொம்ப இறுக்கமா இருக்கு”ன்னு சொல்லிக்கிட்டே வந்தாளாம். தண்ணி குடிங்க. டெல்மர், இந்தக் கோப்பையைப் பிடிங்க. குடிங்க... வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது.

டெல்மர்: அஞ்சு வயசுப் பொண்ணு, எதிர்ல அம்மா. ஒண்ணும் ஆகியிருக்காதா?

நெல்டா: ஆகியிருக்காது. சொல்றேன்ல.

டெல்மர்: எப்படிச் சொல்றே? திறந்து பாத்தியா?

நெல்டா: கைக்கு வந்ததும் திறந்து பாக்காம வைக்கலாமா? நீங்க பழக்கின கைதானே.

டெல்மர்: என்ன இருந்துச்சு உள்ள?

நெல்டா: அஞ்சு.

டெல்மர்: அஞ்சு என்ன?

நெல்டா: தோட்டாதான்.

டெல்மர்: மூக்கு.

நெல்டா: ...வெடிக்காதது. பழகறதுக்குப் போடுவோமே, அது. இந்தக் கடைச் சரக்குதான். கோவப்படாதீங்க. லோரீனைத் திட்டாதீங்க டெல்மர். இலை உதிர்ற காலத்துல வந்தாங்க. சர்ச்சுலேருந்து கிளம்பின மனுஷன் வீட்டு வழி தெரியாம குவாரி ஓரத்துல வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தாருன்னு சொன்னாங்க. பைபாஸ்ல போற வண்டிக்காரன் ஒருத்தன் கூட்டிட்டு வந்து விட்டானாமே.

டெல்மர்: மூடுபனி அன்னிக்கு.

நெல்டா: மூடுபனியாவே இருக்கட்டும். இங்க நின்னுதான் அழுதாங்க. “நெல்டா, அதை அவர்கிட்டேருந்து பிடுங்கினா மனுஷன் ஒரு பக்கமா சாஞ்சு போயிடுவாரு. பிடுங்காம விட்டா எனக்குத் தூக்கம் வராது”ன்னாங்க. நான்தான் இந்த வழி சொன்னேன். பித்தளை நிறமா, பாத்தா வித்தியாசம் தெரியாததாத் தேடி எடுத்துக் குடுத்தேன். நீங்க காலையில தோட்டா போட்டு மேசை மேல வெச்சுட்டு முகம் மழிக்கப் போவீங்களாம். குழாய்ச் சத்தம் கேக்கறப்ப மாத்திடுவாங்களாம். சாயங்காலம் நீங்க குளிக்கறப்ப நிஜத்தைத் திருப்பிப் போட்டுடுவாங்களாம். குத்தம் என் மேலதான்.

டெல்மர்: தையல் பெட்டியில, பட்டனுக்கு அடியில வெச்சிருக்கா.

நெல்டா: எதை?

டெல்மர்: இதை. இந்த அஞ்சையும்.

நெல்டா: ...தெரியுமா உங்களுக்கு?

டெல்மர்: முதல் நாளே தெரியும். பெல்ட்ல மாட்டினேன், கனம் குறைஞ்சிருந்துச்சு. கண்ணை ஏமாத்தலாம் பொண்ணே. நாப்பது வருஷம் சுமந்த இடுப்புக்குத் தெரியும்.

நெல்டா: ஒண்ணும் கேக்கலையா அவங்ககிட்ட?

டெல்மர்: கேட்டா நிறுத்திடுவா. நிறுத்தினா தூக்கம் போயிடும் அவளுக்கு... குழாயைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து விட ஆரம்பிச்சேன். அவ விரலுக்கு நேரமாகும்ல.

நெல்டா: அதான்... அதான் இழுவை கெட்டி, இழுவை கெட்டின்னு...

டெல்மர்: தட்டையானதை அவளால திறக்க முடியாது. இந்தப் பழசு ஒண்ணுதான் அவ கட்டைவிரலுக்கு வரும். பஸ்ஸுலேருந்து இறங்கறதுக்குள்ள இடுப்புல ஒண்ணு இருக்கணும். கனமா இருந்துச்சு, மாத்திட்டேன்னு சொல்லிக்கலாம். தொலைச்சுட்டேன்னு தெரிஞ்சா... அவ பயந்ததெல்லாம் அதுக்குத்தானே.

நெல்டா: ஒண்ணு மட்டும் உதைக்குது டெல்மர். மூணு நாளா உதைச்சுக்கிட்டு இருக்கு.

டெல்மர்: என்ன?

நெல்டா: லோரீன் ஞாயித்துக்கிழமையே போயிட்டாங்க. இது நடந்தது செவ்வாய்க்கிழமை. வீட்டுல உங்களைத் தவிர ஒருத்தரும் இல்ல. அன்னிக்குக் காலையில இதுக்குள்ள நிஜத் தோட்டாதானே இருந்திருக்கணும்? டெஸ்ஸி கையில வெடிக்காததுதானே இருந்துச்சு... யாரு மாத்தினா?

டெல்மர்: தோட்டா போட்டு மேசை மேல வெச்சேன். குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து விட்டேன். வெளிய சத்தம் ஒண்ணும் இல்ல. வீடே சும்மா இருந்துச்சு... தண்ணியை ஓட விட்டுட்டு, நானே வெளிய வந்து, தையல் பெட்டியைத் திறந்து, மாத்திட்டு, திரும்ப உள்ள போயி முகம் மழிச்சேன்.

நெல்டா: ...எடுத்துக்கோங்க. ரெண்டுல எது வேணுமோ. உங்களுக்கு இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

டெல்மர்: ...

நெல்டா: அது வெடிக்காத அஞ்சு தோட்டா. தோட்டாவை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில போடறீங்க. துப்பாக்கி இங்க இருக்கு.

டெல்மர்: ...

நெல்டா: உறையையும் எதுக்குக் கழட்டி இங்க வைக்கறீங்க? டெல்மர், மறந்து வைக்கறீங்களா, தெரிஞ்சு வைக்கறீங்களா... அதையாவது சொல்லிட்டுப் போங்க.

டெல்மர்: ...

நெல்டா: பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கு, காபி... சரி. சரி, கதவைத் திறந்தாச்சு. படி வழுக்கும், அந்தப் பக்கம் சாயாதீங்க... பாத்து.